கைநாட்டும் கையெழுத்தும்: கலாசாலை மாணாக்கரை எழுத்தறிவிக்கப் பழக்கும் முறை

கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் பழைய பத்திரக் கட்டைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் உடனே புலப்படும். சில பத்திரங்களின் அடியில் கட்டைவிரல் ரேகை நீல மையில் பதிந்திருக்கும். வேறு சிலவற்றில், தடுமாறும் கையால் வரைந்த ஒரு பெயர் காணப்படும். முன்னது கைநாட்டு, பின்னது கையெழுத்து. கைநாட்டு இடுபவர்கள் குறைந்து கையெழுத்து இடுபவர்கள் பெருகிவிட்டால் கிராமத்தில் கல்வி பரவிவிட்டது என்று சங்கத்தாரும் மற்றையோரும் மகிழ்வது இயல்பு. ஆனால் அம்மகிழ்ச்சிக்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுத் தெளிதல் அவசியம். பெயரை எழுதியவர் பத்திரத்தைப் படித்தாரா?

எழுதத் தெரியாதவர் இடும் குறியும் கையொப்பமாகவே கொள்ளப்படும் என்பது 1897ஆம் வருஷத்துப் பொது ஷரத்துக்கள் சட்டத்தின் விதி. ஆகவே ரேகை பதித்தாலும் பெயர் எழுதினாலும் கடன் கடனே. எனினும் நடைமுறையில் ஒரு பேதம் உண்டு. கைநாட்டு இடுபவருக்குப் பத்திரத்தை ஒருவர் வாசித்துக் காட்டுவது வழக்கம். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதை எல்லோரும் அறிவர். பெயர் எழுதுபவரோ தாமே படித்துணர்ந்து எழுதினார் என்று கொள்ளப்படுவார். பெயரை மட்டும் கோலம் போலப் போடக் கற்றுக்கொண்ட ஓர் அம்மையார், ஒன்றும் கற்காத அண்டை வீட்டுக்காரியைக் காட்டிலும் அதிக ஆபத்தில் நிற்கிறார். அரைகுறையாகக் கற்பித்தவர் செய்த உதவி இத்தன்மையதாய் முடிகிறது.

இதனாலேயே ஜனத்தொகைக் கணக்கெடுப்பில், ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர், ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவராயின் மட்டுமே எழுத்தறிந்தவராக எண்ணப்படுகிறார். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் அக்கணக்கில் சேரார். 2011ஆம் வருஷக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு எண்பது பேர். ஆண்களுள் நூற்றுக்கு 86 பேருக்கு மேலும், பெண்களுள் 73 பேருக்குச் சற்று மேலும் எழுத்தறிந்திருந்தனர். எஞ்சியவர்களுள் பெரும்பாலோர் பள்ளி வயதைக் கடந்த பெரியவர்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் வழி காட்டாது. அவர்கள் வாசலுக்கு ஒருவர் செல்ல வேண்டும்.

கற்பிக்க வல்லார் யார்?

இவ்வேலைக்குக் கலாசாலை மாணாக்கரை அழைப்பது புதிய யோசனையன்று. 1938ஆம் வருஷம் பீகார் மாகாணத்தில் மந்திரி டாக்டர் சையது மகமூது தொடங்கிய எழுத்தறிவுப் பிரசாரத்தில் மாணாக்கரும் உபாத்தியாயரும் ஈடுபட்டனர். 1969ஆம் வருஷம் காந்தியடிகளின் நூற்றாண்டில் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டம், 37 சர்வகலாசாலைகளில் 40,000 மாணாக்கருடன் தொடங்கியது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் நிறுவப்பட்டது. 1990இல் கேரளத்து எர்ணாகுளம் ஜில்லா முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 1991இல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் மூண்டெழுந்தபோது, எழுத்துடன் சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றுக்கொண்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. 2022 முதல் 2027 வரைக்கும் வகுக்கப்பட்ட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் ஊதியம் பெறாத தொண்டர்களையே நம்பியிருக்கிறது.

மாணாக்கரின் உற்சாகத்தில் குறைவில்லை. ஆனால் தான் அறிவது வேறு, பிறர்க்கு அறிவிப்பது வேறு. பட்டப் படிப்புப் படிக்கும் வாலிபர் ஒருவர் தாம் எவ்வாறு 'அ'கரத்தை அறிந்தார் என்பதை மறந்து வெகு காலம் ஆகியிருக்கும். அவரைத் திடீரென்று ஒரு திண்ணையில் உட்கார வைத்தால், தம் சிறுவயதில் தமக்குச் செய்யப்பட்டதையே திரும்பச் செய்வார்: அரிச்சுவடியைத் தொடக்கத்திலிருந்து ஒப்பிக்கச் சொல்வார், தவறினால் அதட்டுவார். மூன்றாம் நாள் திண்ணை காலியாகிவிடும். ஆகவே கற்பிக்கப் புறப்படும் முன் அவர்கள் தாமே சில விஷயங்களைக் கற்றல் வேண்டும். அவை கீழே முறையாகக் கூறப்படுகின்றன.

1. படிப்பின்மையை உணர்தல்

முதல் நாள் மாணாக்கரை உட்கார வைத்து, 'மாடு', 'அரிசி', 'நாளைக்கு வா' என்பன போன்ற தமிழ்ச் சொற்களை அவர்கள் அறியாத சிங்கள எழுத்திலோ தெலுங்கு எழுத்திலோ பலகையில் எழுதி, அரை மணிக்குள் படிக்கச் சொல்லுதல் நன்று. சொல் தம் சொந்த மொழியே, பொருளும் தெரிந்ததே, எனினும் கண் தடுமாறும். ஓர் எழுத்தை இப்போது அறிந்து அடுத்த வரியில் மறப்பார்கள். அருகில் இருப்பவர் சிரித்தால் முகம் சிவக்கும். எழுத்தறியாமை என்பது அறிவின்மை அன்று, பழக்கமின்மையே என்பதை எந்தப் பிரசங்கத்தாலும் இவ்வளவு தெளிவாக உணர்த்த இயலாது.

இவ்வுணர்வு வந்தபின் மரியாதை தானாக வரும். கற்க வருபவர் அறுபது பருவமழைகளைக் கண்டவர். நாற்று நடவும், மாட்டின் நோயறியவும், வாய்க்கணக்கில் கூலி பிரிக்கவும் வல்லவர். இருபது வயது மாணாக்கர் அவரை 'அம்மா', 'ஐயா', 'அக்கா', 'அண்ணா' என்றே விளிக்க வேண்டும். பெயர் சொல்லி ஏவுதலும், எல்லோர் முன்னும் பிழையைச் சுட்டி நகைத்தலும் கூடா.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து உண்டாவது சகஜம். அவர்களுக்குத் தூரத்துப் பனைமரம் தெரியும். மடியிலுள்ள புத்தகம் மங்கும். அப்படிப்பட்டவர் "எனக்கு மண்டையில் ஏறவில்லை" என்று எழுந்து போவார். ஏறாதது மண்டையில் அன்று, கண்ணில். ஆதலால் முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரையும் அருகில் வைத்துப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் காட்டிப் பார்த்து, தேவையுள்ளவர்களைக் கண் மருத்துவரிடம் அனுப்பிக் கண்ணாடிக்கு ஏற்பாடு செய்ய மாணாக்கர் அறிந்திருக்க வேண்டும்.

2. சொல் திரட்டுதல்

1963ஆம் வருஷம் பிரேசில் தேசத்தின் வடகிழக்கில் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஓர் அரிய முயற்சி நடந்தது. பவுலோ பிரெய்ரே என்னும் கல்வியாளரின் வழிகாட்டுதலில், சர்வகலாசாலை மாணாக்கர் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு நாற்பது மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவித்தனர். அக்காலத்தில் அத்தேசத்தில் எழுத்தறியாதவருக்கு வாக்குரிமை கிடையாது. அவர்களுக்கு அவ்வுரிமை 1985இல்தான் கிடைத்தது. ஆகவே அங்கே எழுத்து என்பது ஒரு வாக்குச் சீட்டுக்குச் சமானம். 1964இல் ராணுவத்தார் ஆட்சியைக் கைப்பற்றியதும் அம்முயற்சி நிறுத்தப்பட்டு, பிரெய்ரே சிறைப்பட்டுப் பின்னர் தேசத்தை விட்டே செல்ல நேர்ந்தது.

அம்முயற்சியில் மாணாக்கர் செய்த முதல் காரியம் கற்பித்தல் அன்று, கேட்டல். அவர்கள் ஊருக்குட் சென்று ஜனங்கள் நாள்தோறும் வழங்கும் சொற்களைத் திரட்டினர். அவற்றுள் வாழ்க்கைக்கு நெருக்கமானவையும், பலவகை ஒலிகளைத் தம்முள் அடக்கியவையுமான சில சொற்களைத் தேர்ந்தெடுத்தனர். பிரெய்ரே முறைக்குப் பெயர்பெற்ற உதாரணம் செங்கல் என்று பொருள்படும் 'திஜோலோ' என்னும் சொல். அதைத் தி–ஜோ–லோ என்று பிரித்து, த, தே, தி, தோ, து என்று ஒவ்வொன்றின் இனத்தையும் காட்டினால், கற்பவர் அவற்றைக் கலந்து புதிய சொற்களைத் தாமே ஆக்குவார்.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் இம்முறையைக் கையாளுவது எளிது. நிலமுள்ள குடியானவருக்குப் 'பட்டா' என்னும் சொல்லைவிட நெருக்கமானது ஏது? மாணாக்கர் அச்சொல்லைப் பலகையில் எழுதுமுன், பட்டா யார் பெயரில் உள்ளது, அதைக் கடைசியாக எப்போது கண்டார்கள், அதில் எழுதியிருப்பதை யார் படித்துச் சொன்னார்கள் என்று பேச்சை எழுப்ப வேண்டும். பேச்சு சூடேறிய பின் சொல்லை எழுதினால், எழுத்து வெறுங்கோடாகத் தோன்றாது.

3. எழுத்தின் வரிசை

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 என்று முதல் நாளே முழங்கும் தொண்டர் கற்பவரை அச்சுறுத்துகிறார். உண்மையில் கண்ணால் பழக வேண்டிய அடிப்படை உருவங்கள் மிகச் சில. உயிரெழுத்துக்களும், அகரமேறிய மெய்களும், புள்ளி, கால், கொம்பு, விலங்கு முதலிய குறிகளும் தெரிந்தால் பெரும்பகுதி தானே விளங்கும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் கு, டு, மு, து என எழுத்துக்கெழுத்து உருவம் வேறுபடுமாதலால், அவற்றை அட்டவணையாக ஒப்பிக்க வைக்காமல், மாடு, முறம், பருப்பு போன்ற சொற்களின் வாயிலாக ஒவ்வொன்றாய்ப் புகுத்த வேண்டும்.

'பட்டா' என்னும் சொல்லில் ப, ட என்னும் இரண்டு எழுத்தும், புள்ளியும் காலும் உள்ளன. இவற்றுடன் 'ம' ஒன்றைச் சேர்த்தால், படம், பாடம், பட்டம், மட்டம், மடம், மாடம், மாமா, பாப்பா, டப்பா என ஒன்பது சொற்கள் கிடைக்கின்றன. முதல் வாரத்திலேயே தாம் முன்பு காணாத ஒரு சொல்லைத் தாமே கூட்டிப் படித்தேன் என்னும் மகிழ்ச்சி கற்பவருக்கு உண்டாகும். அம்மகிழ்ச்சியே அவரை மறுநாளும் அழைத்து வரும்.

மாணாக்கர் அறிய வேண்டிய மற்றொரு விஷயம் எழுத்துச் சீர்திருத்தம். 1978ஆம் வருஷம் தமிழ்நாட்டு அரசாங்கம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துக்களின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் இரண்டொரு வகுப்புப் படித்து விட்டவர்களின் நினைவில் பழைய வடிவமே நிற்கும். தகப்பனார் காலத்துக் கிரயப் பத்திரங்களிலும், துதிக்கை போல் வளைந்த பழைய ஐகாரமே இருக்கும். இக்காலத்து மாணாக்கர் அவ்வடிவங்களைக் கண்டிராமையால், முதியவர் சரியாக எழுதியதைப் பிழையென்று அடித்துவிடக்கூடும். பழைய வடிவங்களையும் அவர்கள் ஒரு நாள் பழகிக்கொள்ளுதல் நலம்.

4. பேச்சும் எழுத்தும்

தமிழ் கற்பிப்போருக்கு உரிய தனிக் கஷ்டம் இதுவே. ஜனங்கள் பேசும் தமிழ் ஒன்று. அச்சில் வரும் தமிழ் மற்றொன்று. "பணம் கட்டிட்டேன்" என்று பேசுபவர், "பணம் கட்டிவிட்டேன்" என்று எழுதியிருப்பதைக் கூட்டிப் படிக்கும்போது, அதைத் தம் பேச்சென்றே அறியாமல் திகைப்பார். பல தொண்டர்கள் இவ்விடத்தில் கற்பவரின் பேச்சைக் கொச்சை என்று திருத்தத் தொடங்குகின்றனர். வாயைத் திறந்தால் பிழை என்று அஞ்சுபவர் பின்பு வாய் திறவார்.

சரியான முறை யாதெனில், கற்பவர் சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே ஒரு வரியில் எழுதி, அதன் கீழே எழுத்து வழக்கை எழுதி, இரண்டையும் அவரே படிக்கச் செய்தலாகும். 'வந்தாங்க' என்பதன் கீழ் 'வந்தார்கள்'. 'போறேன்' என்பதன் கீழ் 'போகிறேன்'. எங்கே எழுத்து நீள்கிறது, எங்கே பேச்சு சுருங்குகிறது என்பதை அவரே கண்டுபிடிப்பார். சில வாரங்களில் மேல் வரியை விட்டுவிடலாம். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று உச்சரிப்பவருக்கும் நாவைத் திருத்த வேண்டியதில்லை. எழுத்தில் ழகரம் வரும் இடத்தை நினைவில் வைத்தால் போதுமானது.

5. எழுதும் கை

அரிவாளும் மண்வெட்டியும் பிடித்த கைக்குப் பென்சில் மிக மெல்லியது. அது நழுவாமலிருக்க அழுத்திப் பிடிப்பார்கள், தாள் கிழியும். ஆகவே முன்னோர் திண்ணைப் பள்ளியில் செய்தது போல முதலில் மணலிலோ தட்டில் பரப்பிய அரிசியிலோ விரலால் எழுதிப் பழகுவித்தல் நன்மை பயக்கும். 'ட' இரண்டு கோடு. 'ப' மூன்று கோடு. இத்தகைய நேர்கோட்டு எழுத்துக்களில் தொடங்கி, வளைவும் சுழியும் மிக்க அ, இ, ண முதலியவற்றுக்குப் பின்னர் வரலாம்.

கற்பவரின் முதல் விருப்பம் தம் பெயரை எழுதுவதே. அதைத் தள்ளிப்போடலாகாது. ஆயினும் பெயரைச் சித்திரமாகக் கற்பிக்காமல் எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்ட வேண்டும். 'மாரியம்மாள்' என்னும் பெயரில் ஆறு எழுத்துக்கள். அவற்றுள் 'மா' இருமுறை வருகிறது. அதே 'மா' மாமாவிலும் மாடத்திலும் இருப்பதை அவர் கண்டு சொன்னால், பெயர் எழுதுதல் படிப்பின் வாசலாகும். காணாவிடில், அது கைநாட்டின் மறுவடிவமாகவே நின்றுவிடும்.

6. கணக்கும் பத்திரமும்

தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த அளவுகோலில், எழுத்தோடு கணக்கும் சேர்ந்திருந்தது. நூறு வரை எண்ணெழுதுதல், சிறு கூட்டல் கழித்தல், பெருக்கல் வகுத்தல், அளவைகள், வட்டியின் பொது அறிவு ஆகியவை அதில் அடங்கின. வட்டிக் கணக்கைக் கிராமத்தார் புரிந்துகொள்ளும் வழியிலேயே காட்டல் வேண்டும். லேவாதேவிக்காரர் 'நூற்றுக்கு மூன்று' என்கிறார். அது மாதத்துக்கு மூன்று. 5,000 ரூபாய்க்கு மாதம் 150, வருஷத்துக்கு 1,800. வருஷத்துக்கு நூற்றுக்கு 12 என்னும் விகிதத்தில் ஒரு சங்கம் கொடுத்தால் அதே தொகைக்கு 600. 'மூன்று' என்பது 'பன்னிரண்டை'விடச் சிறியதாய்ச் செவிக்குத் தோன்றுகிறது. தாளில் போட்டால் மூன்று மடங்கு பெரியது என்பது தெரியும்.

பாடப் புத்தகத்துடன் ரேஷன் கார்டு, சேமிப்புப் புத்தகம், ரசீது, பஸ் பலகை, மருந்துச் சீட்டு ஆகியவற்றையும் பாடமாகக் கொள்ளலாம். 1989இல் தருமபுரி ஜில்லாவில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தின்பின் சுயஉதவிக் குழுக்கள் நாடெங்கும் பெருகியுள்ளன. பல குழுக்களில் எழுதத் தெரிந்தவர் ஒருவரே பேரேடும் நடவடிக்கைப் புத்தகமும் வைத்திருக்கிறார்; மற்றையோர் அவர் சொல்லை நம்பியிருக்கின்றனர். நம்பிக்கை நல்லதே. ஆயினும், தேதி, வரவு, பற்று, இருப்பு என்னும் நான்கு பத்திகளை எல்லோரும் படிக்க வல்லவராயின் அந்நம்பிக்கைக்குச் சோதனை வராது. எழுதுபவர்மீது வீண் பழியும் வராது.

7. கால அளவு

மேற்சொன்ன இயக்கத்தின் பாடமுறை மூன்று வாசகங்களும் 200 மணி நேரமும் கொண்டது. நாட்டு நலப்பணித் திட்டத்து மாணாக்கர் ஒரு வருஷத்தில் செய்ய வேண்டிய தொண்டோ 120 மணி நேரம். அதிலும் மரம் நடுதல், துப்புரவு முதலிய பிற வேலைகள் உண்டு. நாள் ஒன்றுக்கு ஒன்றரை மணியாக வாரம் ஐந்து நாள் நடத்தினாலும், 200 மணிக்கு இருபத்தேழு வாரம் ஆகும். இடையில் பரீக்ஷையும் விடுமுறையும் வரும். பாதியில் நின்ற வகுப்பு, தொடங்காத வகுப்பைவிடக் கெடுதலானது. "எங்களுக்கு வராது" என்னும் எண்ணத்தை அது உறுதிப்படுத்திவிடும்.

ஆகையால் ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு மாணாக்கரை நியமித்து, அவர்களுடன் அவ்வூரிலேயே வசிக்கும், பள்ளியிறுதி படித்த ஒருவரையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்வது உத்தமம். மாணாக்கர் விடுமுறைக்குச் சென்றாலும் விளக்கு அணையாது. திட்டத்தின் ஏழு நாள் விசேஷ முகாமைக் கற்பித்தலுக்கென்று எண்ணாமல், பழகுதலுக்கென்று செலவிடலாம். முதல் நாள் அறியாத எழுத்தைப் படித்தல். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஊரில் சொல் திரட்டுதல். நான்காம் நாள் பாடம் வகுத்தல். ஐந்தாம் நாள் ஒருவருக்கொருவர் மாதிரிப் பாடம் நடத்திக் குறைகளைச் சொல்லுதல். ஆறாம் நாள் ஊராருள் நாலைந்து பேருக்கு உண்மைப் பாடம். ஏழாம் நாள் அதில் தவறியவற்றை ஆராய்தல்.

8. சோதனை

நிமிஷத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படித்தல், 35 சொல் மௌனமாகப் படித்தல், 7 சொல் பார்த்தெழுதுதல், 5 சொல் கேட்டெழுதுதல் என்பன அவ்வியக்கம் வகுத்த அளவுகள். இவற்றை எட்டியவர்களுக்கும், படிக்க ஏதும் கிடைக்காவிட்டால், சில வருஷங்களில் எழுத்து மறந்துபோகும். 1948ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயனாக எழுந்த நூலகக் கிளைகளுக்கு அவர்களை ஒருமுறையேனும் நேரில் அழைத்துச் சென்று அங்கத்தினராக்குவது தொண்டரின் கடைசிக் கடமை.

அளவுகளுக்கு அப்பாலும் ஒரு சோதனை உண்டு. மாதிரிக் கடன் பத்திரம் ஒன்றில் தொகையை எண்ணால் 5,000 என்றும் எழுத்தால் 'ஆறாயிரம்' என்றும் வேண்டுமென்றே பிழைபட எழுதி, கற்றவர் கையில் கொடுத்துக் கையெழுத்துக் கேட்க வேண்டும். பேனாவை வாங்கி உடனே பெயர் எழுதுபவருக்கு இன்னும் பாடம் தேவை. குறை அவருடையதன்று, கற்பித்தவருடையது. விரலை வைத்து வரி வரியாகக் கூட்டிப் படித்து, ஓரிடத்தில் நின்று, "இது சரியில்லையே; திருத்திக் கொண்டு வாருங்கள்" என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பவரே எழுத்தறிந்தவர். அத்தகையோர் ஒரு கிராமத்தில் பத்துப் பேர் இருப்பின், அவ்வூர்ச் சங்கத்தின் கணக்குகள் தாமாகவே சீர்படும். அவர்களைப் பழக்கிய மாணாக்கரும் தாம் கற்ற கல்வியின் பயனை அன்றுதான் முதன்முதலாகக் காண்பர்.